ஒத்தைக்கொம்புக் கிடாவின் பதில்

ஆட்டம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த செவலை ஆட்டுக்கு மனசு குளிர்ந்திருந்தது. மருத்துவக் கல்லூரியில் அதன் பெயரில் நிரந்தரமாக ஒரு பேராசிரியர் பதவி வரப்போகிறது.

"அந்தப் பதவிக்கு முதல்ல யாரைப் போடலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றது கல்லூரி முதல்வரான எருமை.

"ஒத்தைக்கொம்புக் கிடாவை," என்றது செவலை.

எருமை அசைபோடுவதையே நிறுத்திவிட்டது. "உங்க ஊசியில பதினொரு குறை கண்டுபிடிச்சு ஊரெல்லாம் சொன்ன ஆளாச்சே!"

"ஆமா. நாலு நாள் புல்லைத் தொடாம அழுதேன். அப்புறம் சோதிச்சுப் பார்த்தா, அதுல ஒன்பது நிஜம். அதையெல்லாம் திருத்தின பிறகுதான் குட்டிங்க சாகறது நின்னுச்சு."

அன்றே கிடாவுக்கு நியமனக் கடிதம் போனது. மறுநாள் பதில் வந்தது: "பதவியை ஏற்றுக்கொள்கிறேன். கடிதத்தில் மூன்று குறைகள் உள்ளன."

அன்று செவலை வயிறு முட்டப் புல் தின்றது.