ஆயிரமாவது நாள்

கசிவே இல்லாத ஆயிரம் நாள் விழாவுக்காக, மேனேஜர் சோதனைக்கூடத்தில் கூரை தெரியாத அளவுக்குப் பலூன் கட்டியிருந்தார். முதலாளி வருவதற்குள் கடைசி வெப்பமாற்றியை இன்னொரு முறை சோதித்தாக வேண்டும். கடுங்குளிர் எந்திரத்துக்குள் போகும் உள்ளங்கை அளவுப் பெட்டி அது. உள்ளே ஹீலியத்தை அடைத்து, வெல்டு ஓரமாக மோப்பக் கருவியை ஓட்டினால், வாயு கசியும் இடத்தில் கத்தும்.

எங்கே வைத்தாலும் கத்தியது.

"நேத்து இதே பெட்டிக்கு மிஷின் வாயே திறக்கல சார்," என்றார் வெல்டர். இருபது வருஷக் கை.

"அப்ப மிஷினுக்கும் உனக்கும் பங்காளிச் சண்டையா?"

"வேற பெட்டியில வச்சுப் பாருங்க சார்."

அதற்கும் கத்தியது.

"ரெண்டுலயும் கோட்டை விட்டிருக்கே! முதலாளி முன்னாடி என் மானத்த வாங்காதய்யா. அடையாள அட்டையக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு. இனிமே வர வேண்டாம்."

வாசலில் வாட்ச்மேன் மிச்சமான பலூன் ஒன்றை நீட்டினார். "பேத்திக்குக் கொண்டு போங்கண்ணே. கெட்டியாப் பிடிங்க, விட்டா பறந்துடும்."

நூல் விரலை மேலே இழுத்தது. வெல்டருக்குப் பொறி தட்டியது.

"தம்பி, இதுல என்னத்த அடைச்சாங்க?"

"நம்ம ஹீலியம்தான். மூணு சிலிண்டர் காலி. மேனேஜர் ஐடியா."

"ஐயோ, பலூன்லேருந்து கசியறதத்தான் மிஷின் மோப்பம் பிடிச்சிருக்கு! என்னை உள்ள விடு!"

"அட்டை இல்லாம எப்படிண்ணே விடுறது?"

உள்ளே மைக்கில் மேனேஜர் முழங்கினார்: "எங்கள் மூக்குக்குத் தப்பி ஒரு துளி வாயுகூட வெளியே போகாது!"

கைதட்டல் வாசல் வரை கேட்டது. வெல்டர் பலூனைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றார்.