மிரியம் ஏறாத ரக்சி

“இண்டைக்குப் புதன்கிழமையப்பா! புதன்கிழமையிலயும் ஓய்வுநாள் வருமோ?” கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தார் சோதிலிங்கம்.

மனைவி புஷ்பராணிக்கு விளங்கிவிட்டது. கீழறையில் வாடகைக்கு இருக்கும் மிரியம் இன்றைக்கும் அவர் கூலிக்கு ஓட்டும் ரக்சியில் ஏறவில்லை.

மிரியம் ஆர்ஜென்டீனாவிலிருந்து ஒஸ்லோவுக்கு வரலாறு படிக்க வந்தவள். யூதப் பிள்ளை. பதினெட்டு வயதுவரை அவளுக்கே அது தெரியாது. தாய் மூடி மறைத்து வளர்த்துவிட்டாள். விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் இப்போது ஹீப்ரு வகுப்புக்குப் போகிறாள், யூத முறைப்படி வெட்டியது இங்கே கிடைக்காததால் இறைச்சியை விட்டுவிட்டாள், வெள்ளிக்கிழமை பொழுதுபட முன் மெழுகுதிரி கொளுத்துகிறாள். மேலே புஷ்பராணி சாமிக்கு விளக்கு வைப்பதும் அதே வெள்ளிக்கிழமைதான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தனி ஒட்டு.

“வெள்ளி பின்னேரத்தில இருந்து சனி பொழுதுபடுமட்டும் அவை வாகனம் ஏறமாட்டினம். நீங்கள்தானே அதைக் கேட்டு, இந்த வயசில என்ன பக்தி எண்டு புகழ்ந்தீங்கள்?” என்றாள் புஷ்பராணி.

“சனிக்கிழமை ஏறாட்டி நான் ஏன் கதைக்கிறன்? இண்டைக்குப் பனி கொட்டுது. அவள் பஸ் தரிப்பில நிண்டு நடுங்கிறாள். வண்டியை நிப்பாட்டி, ‘ஏறு பிள்ளை, காசு வேண்டாம்’ எண்டன். முகமெல்லாம் வெளிறி ரெண்டடி பின்னால போறாள். நான் என்ன, பிள்ளை பிடிகாரனோ?”

“அவளுக்கு பஸ்தான் பழக்கமாக்கும்.”

“பழக்கம்! போன கிழமை அவளோட படிக்கிற அந்த டானியேலின்ர காரில வந்து இறங்கினவள். என்ர கண்ணால கண்டனான். வெள்ளைக்காரன்ர சீற் எண்டால் சுடாது. கறுப்பன்ர சீற் சுடும். வேறென்ன, நீர் சொல்லும் பாப்பம்?”

புஷ்பராணி மேசையில் கிடந்த கையுறையை எடுத்து மடித்தாள். ரக்சித் தரிப்பிடத்தில் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கும் வண்டிக்குப் போகிறவர்களைப் பற்றி அவர் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது ஊரார். ஆனால், தன் வீட்டுச் சோற்றையும் பருப்பையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளையும் அப்படித்தானா? சிரிக்க முடியவில்லை.

கதவு திறந்தது. தொப்பியெல்லாம் பனியாக மிரியம் வந்தாள். சோதிலிங்கம் சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை. நோர்வேஜிய மொழியில் நேராகவே கேட்டார்.

“ஒன்றை மட்டும் சொல்லு, மிரியம். என் ரக்சியில் ஏன் ஏறமாட்டாய்? நான் கறுப்பன் என்றா?”

“ஐயோ, இல்லை!”

“பிறகென்ன காரணம்?”

அவள் அவரையும் புஷ்பராணியையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மன்னியுங்கள், மாமா. என்னால் முடியாது.” மாமா என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். புஷ்பராணி பழக்கியது.

“என் வண்டிக்குள் இருக்க முடியாதவள் என் வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டாம். சனிக்கிழமை உன் ஓய்வுநாள், அன்றைக்குப் போகச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அறையை விடு.”

அவள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள். தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

“பாத்தீரோ? பிழை இருக்கிறபடியால்தான் வாய் திறக்கேல்லை,” என்றார் சோதிலிங்கம் மனைவியிடம். அந்த வெற்றியில் அவருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிரியம் புஷ்பராணியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். சாமான் ஏற்ற டானியேல் வந்தான். டென்மார்க்கிலிருந்து படிக்க வந்த யூதப் பையன், ஹீப்ரு வகுப்பில் அவளுக்குத் தோழன். வாடகைக்கு எடுத்த வெள்ளை வான் வண்டியைக் கொண்டுவந்து வாசலோடு ஒட்டி நிறுத்தினான்.

“அதை எடு! வாசலில் விடாதே! ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோ!”

சோதிலிங்கம் போட்ட சத்தத்தில் அவன் பயந்துபோனான். வானை அப்பால் விட்டுவிட்டு நடந்து வந்தான்.

“வானில் என்ன பிழை?”

சோதிலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வியர்த்திருந்தது.

“இரண்டு வருடத்துக்கு முதல் கொழும்பில் என் தம்பியை ஒரு வெள்ளை வானில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2006. இன்றைக்கும் அவன் எங்கே என்று தெரியாது. நீ கட்டில் ஏற்ற வந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கண்டால் மூச்சு முட்டுகிறது.”

டானியேல் உள்ளே போகாமல் அப்படியே நின்றான்.

“உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று மிரியம் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். ரக்சி ஓடிச் சாப்பிடுகிற அந்த மனுசனின் சோற்றில் நான் மண் போடமாட்டேன் என்றாள். ஆனால் உங்களுக்கு விளங்கும். அதனால் சொல்கிறேன்.”

“என்ன?”

“அவளுடைய பாட்டி பிறந்தது இந்த ஒஸ்லோவில். இங்கே படிக்க வந்துதான் அதையே கண்டுபிடித்தாள். 1942இல் இந்த ஊர் ஜெர்மன்காரனின் கையில் இருந்தது. யூதர்களை வீடு வீடாகப் பிடித்துக் கப்பலேற்றி, மரண முகாமுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தில் பாட்டி ஒருத்திதான் சுவீடனுக்குத் தப்பினாள். மற்ற எல்லோரும் போய்விட்டார்கள்.”

“அதுக்கும் என் ரக்சிக்கும் என்ன?”

“அன்றைக்கு அவர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக பொலிஸ் பிடித்தது இந்த ஊர் ரக்சிகளைத்தான். பாட்டியின் தங்கைக்கு ஐந்து வயது, முதன்முதலாக ரக்சியில் போகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் கைகாட்டிவிட்டு, துள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஏறினாளாம்.”