எங்கள் கொசு குரைக்கவே குரைக்காது

"அந்த ஆளு நம்ம கொசுவைக் கொல்லப் பார்க்கிறான்" என்று அப்பா சொன்னபோது அம்மாகூட மறுத்துப் பேசவில்லை. அதுவே அதிசயம்.

ஆள் என்றது கீழ்வீட்டு டிக்கெட் தாத்தாவை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கொசு என்றது எங்கள் நாயை. உள்ளங்கையில் ஏந்தி வந்த நாளில் வைத்த பெயர். இப்போது அது வாலை ஆட்டினால் மேசை மேலிருக்கிற டம்ளரெல்லாம் தரைக்கு வந்துவிடும். சோபா அதற்கு, தரை எங்களுக்கு. திருடன் வந்தால் முகத்தை நக்கி, பக்கத்தில் உட்காரவும் இடம் கொடுக்கும்.

டிக்கெட் தாத்தா ஒருநாள் படியேறி வந்து, உங்க நாய் பகலெல்லாம் ஊளையிடுது என்றார். அப்பா சிரித்தார்.

"எங்க கொசு குரைக்கவே குரைக்காதுங்க. பூனை வந்தாலே எழுந்து நின்னு மரியாதை பண்ற ஜாதி அது."

மறுபடி வந்தார். அம்மா கதவைப் பாதி திறந்து அதையே சொல்லிவிட்டு, திறந்த பாதியையும் சாத்தினாள். அதற்கப்புறமும் வந்தார். நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டோம்.

பிறகு வரவில்லை. அதுதான் அப்பாவுக்கு உறுத்தியது. விடாக்கண்டன் எப்படிச் சும்மா விட்டான்?

பதில் எங்கள் குடியிருப்பின் காவலாளியிடமிருந்து வந்தது. அவர் எதைச் சொன்னாலும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, மூக்கால்தான் சொல்வார்.

"மோட்டார் போட மாடிக்குப் போறப்ப பார்த்தேன் சார். நீங்கள்லாம் கிளம்பினதும் அந்தப் பெரியவரு உங்க வாசல்ல குனிஞ்சு, கதவிடுக்குல என்னமோ பண்றாரு. நான் எதையும் பார்க்கலை, பார்த்ததைத்தான் சொல்றேன்."

விஷம் என்று அப்பா முடிவு கட்டினார். அம்மா கொசுவின் நாக்கைப் பிடித்துப் பரிசோதித்தாள். அது அம்மாவின் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்தது. மருத்துவரிடம் கொண்டுபோனோம். உங்க எல்லாரையும்விட அது நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பினார்.

அப்படின்னா மெல்லக் கொல்லும் விஷம் என்றார் அப்பா.

பேசாமல் கொசுவைச் சித்தி வீட்டில் விட்டுவிடலாம் என்றாள் அம்மா. சித்தி வீட்டுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை, எங்கள் கேரம் போர்டு உட்பட.

அன்று சாயங்காலம், குடியிருப்போர் கூட்டத்தில் அந்த ஆளை எப்படிக் கிழிக்கப் போகிறார் என்று அப்பா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அம்மாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, டிக்கெட் தாத்தா குரலை எடுத்தேன்.

"சார், இது முன்பதிவுப் பெட்டி. கொஞ்சம் டிக்கெட்டைக் காட்டுங்க."

சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கொசு எழுந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வாசல் கதவுக்குப் போய்ப் படுத்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் மூக்கைச் செருகி, நீளமாகப் பெருமூச்சு விட்டது. வால் தரையில் தப் தப் என்று அடித்தது.

"என் குரல்ல பேசு பார்க்கலாம்" என்றார் அப்பா.

"லைட்டை யாரு அணைக்காம வந்தது?" என்றேன். வால் அசையவில்லை. காவலாளியின் மூக்குக் குரலுக்கும் அசையவில்லை. திரும்ப டிக்கெட் தாத்தா. தப் தப்.

"பழக்கி வெச்சிருக்கான்" என்றார் அப்பா. "விஷம் இல்லை. கொசுவைக் கடத்தப் பார்க்கிறான்."

மறுநாள் அப்பா விடுப்பு எடுத்தார். வழக்கம்போலச் சத்தமாக எல்லோரும் கிளம்பினோம், சத்தமாகப் பூட்டினோம். பூனை மாதிரி மேல்மாடிப் படிக்கு ஏறி, திருப்பத்தில் ஒளிந்துகொண்டோம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் கேட்டது. முதலில் அது எங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்றே தோன்றவில்லை. அவ்வளவு பெரிய நெஞ்சிலிருந்து, சந்தையில் தொலைந்த கைக்குழந்தையின் அழுகை. நிற்காமல், மூச்சு வாங்கி வாங்கி. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் எனக்கு வந்துவிடும். இதை எடுக்க மட்டும் மனசு வரவில்லை.

கீழேயிருந்து காலடிச் சத்தம். டிக்கெட் தாத்தா ஒரு கையில் தலையணையும் மறு கையில் செய்தித்தாளுமாக ஏறி வந்தார். தலையணையைப் போட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து, இடுக்குப் பக்கம் குனிந்தார்.

"வந்துட்டேன்டா. இன்னிக்கு மழை வரும்னு போட்டிருக்கான். எவன் நம்புவான், சொல்லு."

அழுகை நின்றது. உள்ளே தப் தப்.

அவர் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அப்பா படியிறங்கிப் போனார். பின்னால் நாங்கள். எங்களைப் பார்த்ததும் தாத்தா, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் மாதிரி அவசரமாக எழுந்தார்.

"இப்படி அழுவான்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"சொன்னேனே தம்பி" என்றார் அவர். அவ்வளவுதான்.

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நாளையிலேர்ந்து உள்ளேயே வந்து சௌகரியமா உட்காருங்க."

தாத்தா சட்டென்று இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயையோ, வேணாம் தம்பி. நாய்னா எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே நடுக்கம். கதவு பூட்டியிருக்கிற தைரியத்துலதான் இங்க உட்கார்றதே." செய்தித்தாளை மடித்துக்கொண்டார். "சாவி உங்க கையிலயே இருக்கட்டும். உங்கள்ல யாராவது ஒருத்தர் கொஞ்சம் சீக்கிரமா வந்து திறந்தா போதும்."