நடு டிராயரின் முறுக்கு

ஒரு மெக்கானிக்கின் பழைய டூல் பெட்டியில் நடு டிராயர் மட்டும் லேசில் திறக்காது. அவர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டும்போதெல்லாம், "நம்ம சரக்கு அப்படி, அண்ணே!" என்று மேல் டிராயரிடம் அலட்டிக்கொள்ளும்.

ஒருநாள் அவர் அதை முழுசாக உருவித் தரையில் கவிழ்த்தார். கொட்டியதெல்லாம் துருப்பிடித்த நட்டுகளும் ஒரு செத்த கரப்பானும்தான். பழைய இரும்புக்குப் போடப்போகிறார் என்று டிராயர் நடுங்கியது. அவரோ துருவைச் சுரண்டித் துடைத்து, ஓரங்களில் கிரீஸ் தடவி, தினமும் எடுக்கும் ஸ்பானர்களை அதில் அடுக்கித் திரும்ப மாட்டினார்.

அதற்குப் பிறகு விரல் பட்டாலே ஓடிவந்தது.

"என்ன தம்பி, பழைய முறுக்கெல்லாம் எங்கே?" என்று கேட்டது மேல் டிராயர்.

"அப்போ உள்ளே இருந்தது என்னன்னு எனக்குத்தானே தெரியும், அண்ணே! யாரும் பார்த்துடக் கூடாதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தது நடு டிராயர்.