வெளிறிய திட்டு

தொடையில் வந்த புற்றுக்கட்டிக்காகக் காலையே எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னதும், பஸ் கண்டக்டர் தஸ்நேவிஸ் கையெழுத்துப் போட மறுத்தார். கட்டியைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கட்டியிலிருந்து எடுத்த திசுவைப் பரிசோதித்த டாக்டர் பூங்கோதை அவரை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தார். ஊதா நிறச் செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. நடுவில் மட்டும் வெளிறிப்போன ஒரு திட்டு.

“இது என்னம்மா?”

“அங்க செல்லெல்லாம் செத்துப்போச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, தானாவே சாகுது! எதுக்குக் காலை எடுக்கணும்?”

பூங்கோதை அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார்.

“ரத்தம் போய்ச் சேர முடியாத வேகத்துல வளருதுங்க. அதான் நடுவுல சாகுது. இது நல்லதுக்கில்ல.”

தஸ்நேவிஸ் மறுபடியும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“நாளைக்கே எடுக்க முடியுமாம்மா?” என்றார், கண்ணை எடுக்காமல்.