மீசை உயிரோடு இருக்கும்வரை

"இந்தப் பூச்சி செத்த அன்னிக்கே தொட்டி வெளியே போகணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன் மாமா. ஆனா அது சாகாது," என்றாள் மருமகள், பயணப் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "அப்புறம், அது பூச்சி இல்ல. இறால்."

"காலு இருக்கு, மீசை இருக்கு, ஊருது. எனக்கு அது பூச்சிதான்."

மாமனார் அப்படித்தான் சொல்வார். ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்தடித்த மனிதர். அவர் வீட்டுக் கூடத்திலேயே, அவருடைய சாய்வு நாற்காலி கிடந்த மூலையில் இப்போது ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே கொஞ்சம் பவளம், இரண்டு மீன்கள், அந்த மீன்களின் மேல் ஏறி அழுக்கைக் கொத்தித் தின்னும் சிவப்பு இறால் ஒன்று. வெள்ளை வெளேரென்று நீண்ட மீசை இருந்ததால் அதற்குப் பெயரே மீசை. அது வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் பூச்சிமருந்தைத் திறக்கவே கூடாது என்று மருமகள் தடை போட்டிருந்தாள். காற்றில் வந்து தண்ணீரில் கலந்தால்கூட இறால் தாங்காதாம். மருந்தடித்தே வாழ்ந்த மனிதருக்கு இது எப்படிப் பொறுக்கும்?

"என் வீட்ல என் கையையே கட்டிப் போட்டுட்டே."

"உங்க வீடுதான் மாமா, யார் இல்லேன்னா? கூடம் உங்களுது, டிவி உங்களுது, சமையல்கட்டுல எந்த டப்பா எங்க இருக்கணும்னு சொல்றதும் நீங்கதான். நான் கேட்டது இந்த ரெண்டடி மூலையை மட்டும்தான். ஆபீஸ்ல நாள் பூரா போன்ல ஊரார் திட்டை வாங்கிட்டு வரேன். வந்து தண்ணியில கையை விட்டா, மீசை ஓடி வந்து நகக்கண்ணெல்லாம் சுத்தம் பண்ணும். அதையும் விட்டுக்கொடுன்னா எப்படி? மாட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த கணவன், இருவரும் சேர்ந்தாற்போல் முறைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினான்.

அலுவலகப் பயிற்சி முடிந்து அவள் திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள். பாறை உச்சியில் உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது இறால். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"பாத்தீங்களா மாமா? சாகாதுன்னு சொன்னேன்ல?"

"கெட்டி உசுரு," என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

சமையலறையில் ஒரு கரப்பான் சுவரேறியது. மருந்தடிக்க விட்டால்தானே என்று ஒரு பாட்டு வாங்கத் தயாராகி, அவளே சொன்னாள். "மாமா, கரப்பான்."

"ஓடட்டும்."

பால்கனியில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். "அந்தச் சட்டியில கை வைக்காதே. நான் ஊத்திக்கறேன்," என்று தடுத்தார் மாமனார்.

தோற்றுப்போன கடுப்பு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

படுக்கையறையில் கணவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஒண்ணு சொல்லணும். கத்தக்கூடாது. நீ போன மறுநாளே மீசை செத்துப்போச்சு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"காலையில பாத்தா மல்லாந்து கிடக்கு. அப்பா கண்ணுல பட்டா தொட்டி போயிடும்ல? குப்பையில போட்டுட்டு, கடைக்கு ஓடி இன்னொண்ணு வாங்கி விட்டுட்டேன். நீ இப்ப பாத்தது அது."

"செத்ததைத் தொட்டுப் பாத்தீங்களா? கனமா இருந்துச்சா?"

"இல்லியே. பாலிதீன் காகிதம் மாதிரி லேசா இருந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "ஏங்க, அது பொணம் இல்ல. சட்டை உரிச்சிருக்கு. கால், மீசை எல்லாத்தோடவும் ஓட்டை முழுசாக் கழட்டிப் போட்டுட்டு, புது ஓடு இறுகுற வரைக்கும் பாறைக்கு அடியில ஒளிஞ்சுக்கும். வளர்ந்தாலும் உரிக்கும், தண்ணி மாறினாலும் உரிக்கும். வாங்க."

நேராகக் கூடத்துக்குப் போய் மாமனார் எதிரிலேயே நின்றாள். ஒளித்து மறைத்து ஜெயிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"மாமா, உங்க பிள்ளை மீசை உரிச்சுப் போட்ட ஓட்டைப் பாத்துட்டு, செத்துப்போச்சுன்னு நினைச்சு உங்களுக்குத் தெரியாம இன்னொண்ணு வாங்கி விட்டிருக்காரு. இறால் சட்டை உரிக்கும், அவ்ளோதான். இப்ப உள்ள ரெண்டு இருக்கு. ரெண்டும் இங்கதான் இருக்கும், தொட்டியும் இங்கதான் இருக்கும்."

ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவினாள். பாறை உச்சியிலிருந்தது இறங்கி வந்தது. இடுக்கிலிருந்து, கொஞ்சம் பெரியதாக, இன்னொன்று எட்டிப் பார்த்தது.

"இதோ, இதுதான் என் மீசை."

அவள் பெருமையாகத் திரும்புவதற்குள் பம்புக்குப் பின்னாலிருந்து மூன்றாவதாக ஒன்று வந்து தீனியைப் பிடுங்கியது.

"நான் ஒண்ணுதான் வாங்கினேன்," என்றான் கணவன்.

இருவரும் மாமனாரைப் பார்த்தார்கள். செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"கரப்பான் சட்டை உரிக்கும்னு எனக்குத் தெரியாதா? இது பூச்சி இல்ல, இறால்னு நீதானேம்மா அடிச்சுச் சொன்னே," என்றார் அவர் எரிச்சலாக. "அதை நம்பித்தான், முந்தாநாள் மல்லாந்து கிடந்ததை ரோஜாச் செடிக்கடியில பொதைச்சுட்டு, கடைக்கு ஓடினேன்."