கதவுக்கு வெளியே மாமனார்

பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் அன்று நாச்சிமுத்து, அவர் மனைவி பாவாயி, மகன் அறிவு மூவரும் நின்றிருந்தார்கள். மருமகள் வெண்ணிலா உள்ளே நெறிமுறைக் குழுவின் முன்னால் இருந்தாள். விசைத்தறிச் சத்தத்தில் வேலை செய்யும் பெண்களின் காதுகளைச் சோதிக்கும் அவளுடைய ஆராய்ச்சி, குழு அனுமதித்தால்தான் நடக்கும்.

“ஏனுங்க, உள்ள இருக்கறவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானுங்களே? ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?” என்றாள் பாவாயி.

“நம்மூட்டுப் புள்ள சிபாரிசுல வாங்குச்சுன்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது.”

நாச்சிமுத்து விறைப்பாகத்தான் நின்றார். கண் மட்டும் மூடிய கதவை விட்டு நகரவில்லை.

கதவு திறந்தது. வெண்ணிலா ஓடிவந்தாள்.

“மாமா, குடுத்துட்டாங்க! ஒரு திருத்தங்கூட இல்லீங்க!”

பாவாயி அவளைக் கட்டிக்கொண்டாள். அறிவு துள்ளிக் குதித்தான். பின்னாலேயே குழுத் தலைவி வந்தார்.

“உங்க மருமக விண்ணப்பம் முடிஞ்சுதுங்கய்யா. இனி நீங்க உள்ள வரலாம். பொதுமக்கள் தரப்பு உறுப்பினர் நீங்களும் இருந்து அடுத்த விண்ணப்பத்தைப் பாக்கணுமே!”

நாச்சிமுத்து துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

மாமனார் குழுவில் இருந்ததால்தான் வெண்ணிலாவுக்கு அனுமதி கிடைத்தது என்று அவர்கள் ஊரான பள்ளிபாளையத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவள் விண்ணப்பத்தை எடுத்தபோது அவர் அந்த அறையிலேயே இல்லை.